களிமண்ணுக்கு நாலு வேளைத் தண்ணீர்

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். தவளக்குப்பத்தில் ஆஸ்திரியா மதாமின் சிற்பக்கூடத்தில் இருபத்தாறு வருடம் களிமண் பிசைந்தேன், அதைத் தாங்கும் கம்பிக்கூடு கட்டினேன், பிளாஸ்டரில் மோல்டு, அதாவது வார்ப்பு அச்சு, எடுத்தேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மதாமின் அப்பா சொந்த ஊரில் கல்லறைக்கல் செதுக்குகிறவர். மதாம் வியன்னாவில் சிற்பம் படித்தார். முப்பது வயதில் புதுச்சேரிக்கு வந்தவர் இங்கேயே தங்கிவிட்டார். கல், வெண்கலம் எல்லாம் செய்தவர். எழுபது தாண்டியதும் கை நடுங்கத் தொடங்கியது. கடைசியாக, மீன் விற்கும் அஞ்சலையை நிற்கவைத்து ஆளுயரத்துக்குக் களிமண்ணில் செய்தார். ஒரு வருடம் ஆயிற்று. வாய் மட்டும் பாக்கி.

அந்த நேரம் பார்த்து, மதாம் கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் சேர வேண்டி வந்தது.

"இப்பவே மோல்டு எடுத்துடட்டுமா மதாம்?" என்றேன்.

"வாய் முடியல காசிம். வந்து முடிக்கிறேன். காலைல ஒரு வாட்டி, சாயங்காலம் ஒரு வாட்டி தண்ணி தெளி. போதும்."

சித்திரை வெயில். களிமண் காய்ந்தால் வெடிக்கும். முதல் நாளே மதியமும் தெளித்தேன். மறுநாளிலிருந்து நாலு தடவை. சுற்றியிருந்த ஈரத்துணியைப் பிரித்துப் பார்க்கவும் பயம், காற்றுப் பட்டுவிடும் என்று. துணிக்கு மேலேயே ஊற்றினேன்.

அஞ்சலை கூடையோடு எட்டிப் பார்த்தாள். "இன்னா பாய், என்னிய நாளைக்கு நாலு வாட்டி குளிப்பாட்டுற? எங்க ஊட்டுக்காரரு கேட்டா வம்பாயிடும்."

"வெடிச்சிடும்மா. உனக்கு இன்னா தெரியும்?"

ஒன்பதாம் நாள் காலை, துணி தொளதொளவென்று தொங்கியது. முகமும் தோளும் தரையில் கூழாகக் கிடந்தன. கம்பிக்கூடு மட்டும் நின்றது.

மதாம் திரும்பி வந்தார். திட்டவில்லை. ஒரு பிடி களிமண்ணைக் கம்பியில் வைத்து அழுத்தினார். விரல் நடுங்கி, மண் நழுவி விழுந்தது. மறுபடி வைத்தார். அதுவும் விழுந்தது.

"நீங்க சொல்லச் சொல்ல நான் வைக்கிறேன் மதாம்."

"உனக்கு மோல்டு தெரியும் காசிம். முகம் தெரியாது. எல்லாத்தையும் களிமண் குழியில போட்டுடு."

போட்டேன். பிறகு அவர் களிமண்ணைத் தொடவே இல்லை. அந்த மழைக்காலம் முடியுமுன் இறந்துபோனார்.

அடக்கம் முடிந்து திரும்பும்போது அஞ்சலை கேட்டாள்: "ஒரு வருஷம் நின்னேனே பாய். அப்ப என் மூஞ்சி எங்கியும் இல்லியா?"

புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்:

தண்ணீர் ஊற்றுமுன் துணியைப் பிரியுங்கள். களிமண்ணில் விரலை வைத்துப் பாருங்கள். ஈரம் இருந்தால் வாளியைக் கீழே வைத்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலை. எட்டு நாளும் அந்த இரண்டு நிமிடம் என் கையில்தான் இருந்தது.