மூன்று உடைந்த பொத்தான்கள்

தையல் கம்பெனியில் சட்டைக்குக் காலர் வைக்கிறவள் என்பதால் அவளுக்குக் காலர் அக்கா என்றே பெயர். அவளுக்கு ஓரகத்தியைக் கண்டாலே ஆகாது. ஓரகத்தி சிரித்தால் வீடே கூடச் சிரிக்கும், இவள் சிரித்தால் மாமியார், "என்னடி, பல்லு வலியா?" என்பாள். இத்தனைக்கும் கெஞ்சிக் கூத்தாடி அவளுக்குக் கம்பெனியில் வேலை வாங்கிக் கொடுத்தவள் இவளேதான்!

அந்த மகராசிதான் இப்போது சங்கத் தேர்தலில் எதிர்த்து நின்றாள். பதினோரு வருடமாகத் தலைவி காலர் அக்கா. மின்விசிறியும் முதுகு சாயும் நாற்காலியும் இவள் சண்டை போட்டு வாங்கியவை. அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

அங்கே பொத்தான் போட்டுத்தான் ஓட்டு. இரண்டு ஓட்டைப் பொத்தான் அக்காவுக்கு, நாலு ஓட்டை ஓரகத்திக்கு. சாப்பாட்டுக் கூடத்தில் கட்டிங் மாஸ்டர் பையைக் கொட்டி எண்ணினார். அக்காவுக்கு எண்பது, ஓரகத்திக்கு எழுபத்தொன்பது. மிச்சம் மூன்றும் பாதியாக உடைந்தவை. கழிவு டப்பாவிலிருந்து அவசரத்தில் அள்ளிக் கொடுத்ததன் வினை.

"ரெண்டு ஓட்டைதானே இருக்கு? அக்காவுக்குத்தான்!"

"கண்ணு அவிஞ்சா போச்சு? நாலு ஓட்டையில பாதிடீ அது!"

"அப்போ செல்லாது. எப்படிப் பார்த்தாலும் எங்க அக்காதான். மாத்திச் சொன்னா நாளைக்கு ஒரு மெஷின் ஓடாது!"

ஒருத்தி ஸ்டூலைத் தூக்கினாள். எதிரே இன்னொருத்தி கத்தரிக்கோலை எடுத்தாள். மாஸ்டர் பதறிப்போய் உடைந்த மூன்றையும் அக்காவின் கையில் திணித்தார். "நீயே சொல்லும்மா. நீ சொன்னாத்தான் இதுங்க அடங்கும்."

பார்க்கவே வேண்டாம், விரல் பட்டாலே போதும். ஓட்டைகள் உடைந்த விளிம்பை ஒட்டியே இருந்தன; நாலு ஓட்டைப் பொத்தானின் பாதிதான். செல்லாது என்று ஒரு வார்த்தை சொன்னால் தலைவி நாற்காலி தப்பிப் பிழைக்கும். ஓரகத்தி அழுதுகொண்டிருந்தாள், அவள் கண்ணைத் துடைக்க நாலு பேர் முந்தானையை நீட்டினார்கள். தனக்கு ஒருநாளாவது யாராவது நீட்டியிருக்கிறார்களா? பாவி, அழுகையில்கூட ஜெயிக்கிறாளே என்று மனசு கொதித்தது.

அதற்குள் கத்தரிக்கோல்காரி இரண்டடி முன்னால் வந்துவிட்டாள்.

"நாலு ஓட்டைதான்," என்றாள் அக்கா. "மூணும் அவளுக்கு. நான் தோத்துட்டேன். ஸ்டூலைக் கீழ வைடீ!"

ஓரகத்தி, "அக்கா!" என்று கட்டிக்கொள்ள ஓடி வந்தாள்.

"கிட்ட வராதே, வயிறு பத்தி எரியுது எனக்கு. எனக்கு எரிஞ்சா நான் பட்டுக்கறேன், நூத்தி அறுபது பேரு ஏன் மண்டையை உடைச்சுக்கணும்?" அக்கா அவளை வாசல் பக்கம் தள்ளினாள். "சங்கத்தோட பேச மேனேஜர் காத்துட்டு இருக்கான். மூஞ்சியத் துடைச்சிட்டுப் போய்ப் பேசு, தலைவி."