ஆன்டெனாவுக்குப் பூசை

வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு நாற்சந்தியில், சிக்னல் கம்பத்தின் உச்சியில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று உண்டு. என் கையால் மாட்டியது. ஆம்புலன்ஸ் கூரையில் இருக்கிற ஆன்டெனா ரேடியோவில் "வாரேன்" என்று சொல்லும். பெட்டி அதைக் கேட்டு அந்தப் பக்கத்துக்குப் பச்சை போடும். அவ்வளவுதான் சங்கதி. அந்த அவ்வளவுக்காக வெயிலில் ஏணிமேல் நின்று நான் கருத்துப்போனதைப் பார்த்து அம்மா புலம்பாத நாளில்லை.

ஆயுத பூஜை லீவு முடிந்த மறுநாள், போக்குவரத்து அதிகாரி முன்னால் ஆம்புலன்ஸை ஓட்டிக் காட்ட வேண்டும். வேலை செய்தால் ஊர் முழுக்க மாட்டுவார்கள். இல்லையென்றால் அன்றைக்கே கழற்றிவிட வேண்டும். முந்தின வாரமெல்லாம் ஒரு தடவைகூடப் பிசகவில்லை என்பதால் நான் தெம்பாகத்தான் நின்றேன்.

ஆம்புலன்ஸ் வந்தது. சிவப்பு அசையவே இல்லை. சைரன் அலற அலற ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நின்றது.

"ஏம்மா, ஒங்க பெட்டிக்குக் காது கேக்கலையோ?" என்று அதிகாரி சிரித்தார். எனக்கு வந்ததே கோபம்! ரோட்டில் இறங்கி ஓடினேன்.

வண்டியைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். வாழைக்கன்று, சந்தனம், குங்குமம் எல்லாம் சரி. ஆன்டெனாவைச் சுற்றிச் சுற்றி வெள்ளி ஜிகினாத் தாள்! தகரத்துக்குள் அடைத்த மாதிரி, அலை எப்படி வெளியே வரும்?

"அண்ணாச்சி, இத யாரு கட்டுனா?"

"நாந்தான் தாயி. புதுச் சாமானுல்லா, அதுக்கும் பூசை செய்யண்டாமா?" என்றார் டிரைவர், வெள்ளந்தியாக.

ஏறிப் பிய்த்து எறிந்தேன். "பைய, பைய" என்று பதறினார். திருப்பிக்கொண்டு வரச் சொல்லி அனுப்பினேன்.

திரும்பி வரவேண்டியவரிடமிருந்து போன்தான் வந்தது. "தாயி, பக்கத்துத் தெருவுல ஒரு புள்ளத்தாச்சிக்கு வலி கண்டுட்டு. ஏத்தியாச்சு. ஒன் பெட்டிய நம்பித்தான் கெளம்புதேன்."

நாலு பக்கமும் வண்டி நெருக்கியடித்து நின்றது. தூரத்தில் சைரன். சட்டென்று அந்தப் பக்கம் பச்சை; மற்ற மூன்றும் சிவப்பு. ஆம்புலன்ஸ் நிற்கவும் இல்லை, வேகம் குறைக்கவும் இல்லை. பெரியாஸ்பத்திரியைப் பார்த்துப் பறந்துவிட்டது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"கழத்தாண்டாம்மா, இருக்கட்டும்" என்றார் அதிகாரி.

அவருக்குப் பதில் சொல்வதற்குள், பைக்கில் வந்து பிரேக் அடித்து நின்ற ஒருவர் எரிச்சலில் கத்தினார்: "நல்லாப் போய்க்கிட்டிருந்த ரோட்டுல எவம்லே செவப்பப் போட்டது?"

"நாந்தான் அண்ணாச்சி!" என்று ரோட்டுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னேன். "நானேதான்!"