விரதத்தில் ஒரு ஃபோண்டு விருந்து

அந்த மனிதர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் தீரவில்லை. அதனால் இதை நிதானமாக எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

எண்பதுகளின் தொடக்கம். நான் பிரிக்பீல்ட்ஸில் அப்பா அம்மாவோடு இருந்தேன். அப்பா ரயில்வே குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர். என்னை விரும்பியவர் கிள்ளானில் ஜவுளிக்கடை வைத்திருந்த தமிழ்நாட்டுக் குடும்பத்துப் பிள்ளை. கோலாலம்பூரில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தோம். அவருடைய அம்மாவுக்கு என்னைக் கண்ணால் பார்க்காமலே பிடிக்கவில்லை. "சிலோன்காரங்க வீட்டுப் பொண்ணு நமக்கு ஒத்து வராது" என்று ஒரே பிடியாக நின்றார்.

அம்மா மனம் மாற வேண்டும் என்று, தைப்பூசத்துக்குப் பத்துமலையில் அலகு குத்திக் காவடி எடுப்பதாக அவர் நேர்ந்துகொண்டார். நேர்ந்த சில வாரங்களிலேயே அந்த அம்மா இறங்கி வந்துவிட்டார். தைப்பூசம் முடிந்ததும் பெண் பார்க்க வருகிறோம் என்று சொல்லி அனுப்பினார். எங்கள் வீட்டில் அப்போதே ஜன்னல் திரைகளைத் துவைக்க ஆரம்பித்துவிட்டார்கள். இனி விரதம் ஒன்றுதான் பாக்கி. அதில் ஒரு குறை வந்தாலும் கல்யாணம் நின்றுவிடும் என்று அவர் உறுதியாக நம்பினார். சைவம், ஒரு வேளைச் சாப்பாடு, வெறும் தரையில் படுக்கை. கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. சில சமயம் அவரைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

அதற்கு நடுவில் என் பிறந்தநாள் வந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. கோயிலுக்குப் போய்விட்டு வந்தால் போதும் என்றுதான் சொன்னேன். அவராகத்தான் அம்பாங் சாலைப் பக்கம் ஒரு வெள்ளைக்காரச் சாப்பாட்டுக் கடையைப் பிடித்தார். சீஸை உருக்கி, சின்ன அடுப்பில் சட்டியோடு மேசைக்கே கொண்டுவருவார்களாம். நீளமான முள்கரண்டியில் ரொட்டித் துண்டைக் குத்தி, முக்கிச் சாப்பிட வேண்டும். அதற்கு ஃபோண்டு என்று பெயர்.

"பாலுலதானே செய்யறாங்க, சுத்த சைவம்" என்றார்.

போன அன்று சாயங்காலம் மழை கொட்டியது. உள்ளே சிவப்பு விளக்கு, பேசினால் அடுத்த மேசைக்குக் கேட்கும் அமைதி. பரிமாற வந்த வயதான சீனரை அவர் பெரிய அதிகாரி மாதிரி விசாரித்தார். மாடு இருக்கிறதா? பன்றிக் கொழுப்பு? முட்டை? மீன்? ஒவ்வொன்றுக்கும் சீனர் இல்லை என்று தலையாட்டினார். எங்கள் ஆட்கள் விரதத்தில் கேட்கும் கேள்விகள் எல்லாம் கேட்டாகிவிட்டது. எனக்கும் வேறு கேள்வி தோன்றவில்லை.

சட்டி வந்தது. அடியில் நீல நெருப்பு, மேலே மஞ்சளாகக் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. ஒரு புளித்த வாடை அடித்தது. எனக்கு என்னவோ போல் இருந்தது.

"தயிர் வாசம் மாதிரி லா" என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிட ஆரம்பித்தார். நாள் முழுக்கப் பட்டினி கிடந்தவர், ஆசையாகச் சாப்பிட்டார். அன்றைக்கு அவர் சிரித்ததைப் பார்த்து நானும் சந்தோஷப்பட்டேன்.

அப்போது அவர் கரண்டியிலிருந்து ஒரு துண்டு சட்டிக்குள் விழுந்தது. சீனர் கைதட்டிக்கொண்டு வந்தார். ரொட்டியைத் தவறவிட்ட ஆண் ஒரு பாட்டில் வைன் வாங்கவேண்டும், அதுதான் வழக்கம் என்றார். நான் குடிக்க மாட்டேன், விரதம் என்று இவர் சொன்னார். சீனர் சட்டியைக் காட்டிச் சிரித்தார்.

"ஆல்ரெடி இன்சைட் லா, சார். ஹாஃப் பாட்டில்."

சீஸை வைன் ஊற்றித்தான் உருக்கியிருந்தார்கள். இவர் கரண்டியைக் கீழே வைத்தார். என் முகத்தைப் பார்த்தார். அவ்வளவு நேரம் இருந்த மனிதர் வேறு, இப்போது பார்ப்பவர் வேறு என்று எனக்குப் பட்டது.

"உனக்குத் தெரியுமா?" என்றார்.

"எனக்கு எப்படிங்க தெரியும்? நீங்கதானே கூட்டிட்டு வந்தீங்க."

"உன் பிறந்தநாளுக்குத்தானே வந்தோம்."

காரில் பிரிக்பீல்ட்ஸுக்குத் திரும்பினோம். கோயில் குருக்களிடம் சொல்லிப் பரிகாரம் கேட்கலாம், தெரியாமல் நடந்ததுதானே என்றேன்.

"அம்மாவுக்குத் தெரிஞ்சா முடிஞ்சிச்சு. யார்கிட்டயும் வாயத் தொறக்காத" என்றார். நான் இறங்கும்போது, கண்ணாடி வழியே ரோட்டைப் பார்த்தபடி, "இனிமே ஏதாச்சும் நடந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். மீதியை நானே சொல்லிப் பார்த்துக்கொண்டு படுத்தேன். தூக்கம் வரவில்லை. அதன் பிறகு அலுவலகத்தில் அவர் என் மேசைப் பக்கமே வரவில்லை.

தைப்பூசத்தன்று என்னை வரச் சொல்லவில்லை. மனது கேட்காமல் நானே போனேன். பத்துமலை ஆற்றங்கரையில் கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். அவர் ஈர வேட்டியோடு கண்ணை மூடிக்கொண்டு நின்றார். சுற்றிலும் "வேல் வேல்" என்று கத்தினார்கள். அலகு ஒரு கன்னத்தில் இறங்கி மறு கன்னத்தில் வந்தது.

ரத்தம் வந்தது. விரதம் சுத்தமாக இருந்தால் ஒரு சொட்டுகூட வராது என்பார்கள். பூசாரி திருநீற்றை அள்ளி அப்பினார். ரத்தம் நிற்காமல் தாடையில் வழிந்து மார்புக்கு இறங்கியது. கத்திக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக அடங்கிப்போனார்கள்.

பக்கத்தில் நின்ற அவருடைய அம்மா அலறினார். "சுத்தமா இருந்தேன்னியேடா! என்னடா நடந்துச்சு? யாருடா கெடுத்தது?"

அவர் கண்ணைத் திறந்தார். வாயில் அலகு, பேச முடியாது. கூட்டத்தை மெதுவாகப் பார்த்துக்கொண்டே வந்தார். என்னைக் கண்டதும் பார்வை நின்றது. ஒருவேளை கையெடுத்துக் கும்பிடப் போகிறாரோ என்று நினைத்தேன், அவ்வளவு பைத்தியம் நான். அவர் கையைத் தூக்கி என்னைக் காட்டினார்.

எல்லாரும் திரும்பினார்கள். என்னைப் பெண் பார்க்க வர இருந்த அந்த அம்மா என்னை முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான்.