செம்மஞ்சள் தொப்பிக்காரர்

புலம்பெயர்ந்து வந்த தொண்ணூறுகளில், மல்வேர்ன் பஸ் ஸ்டொப்பில் தினமும் என்னோடு நின்ற அந்த அண்ணை, வேட்டைக்காரர் போடும் செம்மஞ்சள் தொப்பியோடுதான் வேலைக்கு வருவார். தூரத்தில் பஸ் தெரிந்ததுமே ஒரு கண்ணை மூடி நம்பரைச் சொல்லிவிடுவார். கொஞ்சம் லெவல் அடிக்கிறார், பெருமை காட்டுகிறார் என்று நினைப்பேன்.

நவம்பர் வந்தால் ஓவர்டைமை விட்டுவிட்டு வடக்கே மான் வேட்டைக்குப் போய்விடுவார். "ஓவர்டைம் கண் மங்கினாப் பிறகும் செய்யலாம். மானுக்கு இப்பவே போகவேணும்," என்பார். அவர் திரும்பி வந்தால் நாங்கள் இருவரும் குடியிருந்த கட்டடமே இறைச்சிக்கறி மணக்கும்.

ஒரு வருடம் வெறுங்கையோடு வந்தார்.

"பற்றைக்குள்ள அசைஞ்சது மானோ மனிசனோ எண்டு தெரியேல்லை. நான் சுடேல்லை. துவக்கை வித்துப்போட்டன்," என்றார், மானை விழுத்தி வந்தபோதிருந்த அதே மிடுக்கோடு.

தூரத்தில் பஸ் ஒன்று தெரிந்தது. தலை நிமிர்ந்தபடியே என்னைக் கேட்டார்.

"தம்பி, என்ன நம்பர்?"