அணைக்காத கைபேசி

மாமியின் பழைய கைபேசியில், பொத்தான்களுக்கிடையே இன்னும் கொங்கிறீட் தூசி இருக்கிறது. டெனிஷ் நகரமான ஒடென்சேக்கு வெளியே, தீயணைப்புப் படையினர் பயிற்சி செய்யும் இடிபாட்டுத் திடலில் படிந்த தூசி அது. வன்னியில் போர் முடிந்துகொண்டிருந்த நாட்கள்.

நான் அப்போது பொறியியல் மாணவி. இடிபாட்டுக்குள் ஊர்ந்து போய், கைபேசிகள் வெளிவிடும் அலைகளைக் கொண்டு ஆட்களைத் தேடும் ரோபோவை எங்கள் குழு சோதித்துக்கொண்டிருந்தது. புதையுண்டவர்களாகப் படுத்திருக்க ஆட்கள் போதவில்லை. முதியோர் இல்லத்தில் வேலை செய்த மாமி, தன் வேலைநேரத்தை மாற்றிக்கொண்டு எனக்காக வந்தார். அவருக்கு நான் சொன்னவை மூன்று: அசையக் கூடாது, குரல் கொடுக்கக் கூடாது, கைபேசியைத் தொடக் கூடாது. சும்மா கிடக்கும் கைபேசி எப்போதாவதுதான் அலை விடும். அதைப் பிடிப்பதுதான் எங்கள் சோதனை.

அன்று ரோபோ எங்கும் தயங்காமல், மாமியை மூடியிருந்த கொங்கிறீட் பாளத்துக்கு நேரே போய் நின்றது. எல்லோரும் கைதட்டினோம். பாளத்தைத் தூக்கியபோது மாமியின் காதில் கைபேசி இருந்தது. தொடர்புகொள்ள முடியவில்லை என்று ஒரு பெண்குரல் மூன்று மொழிகளில் மாறிமாறிச் சொல்லிக்கொண்டிருந்தது. வன்னிக்குள் அகப்பட்டிருந்த தன் தம்பிக்கு விடாமல் அடித்துக்கொண்டிருந்திருக்கிறார். அலை அத்தனை தெளிவாக வந்தது அதனால்தான்.

இது கணக்கில் சேருமா என்று பேராசிரியர் கேட்டார். சேராது, இவர் சொன்னபடி செய்யவில்லை என்று டெனிஷில், மாமியின் தலைக்கு மேலாகச் சொன்னேன். டெனிஷ் முதியவர்களைக் குளிப்பாட்டி, ஊட்டி, அவர்களோடு வருடக்கணக்காகக் கதைத்து வந்தவர் அவர் என்பது எனக்கு அப்போது நினைவில் இல்லை.

மாமி தலைமுடியெல்லாம் தூசியோடு எழுந்து உட்கார்ந்தார். "குறை நினையாதை பிள்ளை, உன்ரை வேலையைக் குழப்பிப் போட்டன். உள்ளுக்கை ஒரே இருட்டு. தம்பியும் இப்பிடித்தானே பங்கருக்கை கிடப்பானெண்டு நினைச்சன்."

காரில் திரும்பும்போது, போன் நின்றுபோன ஆளையும் அந்த மெஷின் கண்டுபிடிக்குமோ என்று கேட்டார். பரீட்சைக் கேள்விக்குச் சொல்வதுபோல உடனே சொன்னேன்: "இல்லை மாமி. போன் வேலை செய்யவேணும்."

அவர் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "அப்ப நான் என்ரையை நிப்பாட்டமாட்டன்" என்றார்.

தம்பியைப் பற்றி இன்றுவரை தகவல் இல்லை. ரோபோ பின்னர் நன்றாகவே தேறியது. அதைப் பற்றி மேடைகளில் பேசுகிறேன். முடிவில் கைதட்டும்போது நிமிர்ந்து பார்க்க முடிவதில்லை. மாமியிடம் இப்போது புதுக் கைபேசி உண்டு. பழையது குசினி யன்னலோரம் எந்நேரமும் சார்ஜில் கிடக்கிறது. தம்பிக்குத் தெரிந்த இலக்கம் அதுதான். போன ஞாயிறு தேவாலயத்திலிருந்து வந்ததும் அதை என் கையில் தந்தார்.

"நீ படிச்ச பிள்ளை, ஒருக்காப் பார். சிக்னல் இருக்கோ?"

விரல்நுனியில் தூசி நெருடியது.

"ஓம் மாமி. முழுசா இருக்கு."