தலை தப்பிய மாங்கன்று

என் எடை எங்கள் வீட்டில் ஒரு குடும்பப் பிரச்சினை. சத்துமாவு கலந்த பாலோடு அம்மா துரத்துவாள். நான் டம்ளரோடு பக்கத்திலிருந்த பெரியம்மாவின் நர்சரிக்குள் ஓடிவிடுவேன். அங்கே பைகளில் வளர்ந்த மாங்கன்றுகளில் ஒன்று என்னைப்போலவே ஒல்லிப்பிச்சான். என் பாலெல்லாம் அதற்குத்தான் போனது. கன்று தேறவில்லை, எறும்புகள் தேறின.

ஒட்டுக் கட்டுவதற்கு முன்பு பெரியம்மா கன்றுகளைத் தரம் பிரிப்பாள். தண்டு பென்சில் கனம் இருந்தால் பிழைத்தது, நோஞ்சான்கள் குப்பைக்குழிக்கு. அன்று அவள் கை என் கன்றிடம் வந்ததும் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"பெரியம்மை, இதைப் பிடுங்காண்டாம். கொஞ்ச நாளுல வளந்துரும்."

"ஏட்டி, இது ஒட்டுக்கு ஆவாது. இன்னொரு மரத்துக்க கொம்பை இது எப்படித் தாங்கும்?"

பையைச் சுற்றி மொய்த்த எறும்புகளைப் பார்த்தாள். குனிந்து மோந்தாள். என்ன புரிந்ததோ, மண்வெட்டியை எடுத்துக் கிணற்றோரம் குழி வெட்டி அதை அங்கேயே நட்டாள்.

"இது என்ன மாங்கா காய்க்கும்?"

"யாருக்குத் தெரியும் மக்கா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. தேறிய கன்றுகளெல்லாம் ஒட்டுக் கட்டி, ஊரில் பேர்போன செங்கவருக்கை மாமரங்கள் ஆகப்போகின்றன. என் கன்றுக்கு மட்டும் பேர்கூடக் கிடையாது. "இந்தப் பிள்ளை என்னதான் ஆவப்போறாளோ" என்று அம்மா என்னைப் பார்த்துப் புலம்பும்போதும் பெரியம்மா இதே "யாருக்குத் தெரியும்" என்பதைத்தான் சொல்வாள்.

மறுவாரம் போனால், தேறிய கன்றுகள் ஒன்றுக்கும் தலை இல்லை. தண்டை வெட்டிப் பிளந்து, வேறு மரத்தின் குச்சியைச் செருகி, பிளாஸ்டிக் நாடாவால் சுற்றியிருந்தார்கள். நன்றாக வளர்ந்ததற்குக் கிடைத்த பரிசு அது. கிணற்றோரம் என் நோஞ்சான் மட்டும் சொந்தத் தலையோடு இரண்டு இலையை ஆட்டிக்கொண்டு நின்றது. அன்றிலிருந்து பாலை முன்னைவிடத் தீவிரமாக மறுத்தேன்.

அது காய்க்க வெகுகாலம் பிடித்தது. சின்னப் பழம்தான். ஆனால் அந்த மணம் தோட்டத்தில் வேறெந்த மரத்துக்கும் இல்லை. வாங்க வருகிறவர்கள் பேர் கேட்கிறார்கள். பெரியம்மாவிடம் பேர் இல்லை. போன கோடையில் அதிலிருந்து குச்சி வெட்டி, பென்சில் கனத்துக் கன்றுகளின் மேல் வரிசையாகக் கட்டினாள். நான்தான் நாடா சுற்றினேன்.

யாருக்குத் தெரியும் என்று அவள் சொன்ன போதெல்லாம், கைவிட்டுவிட்டாள் என்றே நினைத்து அழுதிருக்கிறேன். அதை ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள் என்பது அன்று என் கண்ணில் படவே இல்லை.