தகட்டுக்குத் தடிமன் உண்டு

பாய்லர் பட்டறையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சேர்ந்த அன்றே 'டைலரக்கா' ஆகிவிட்டாள். பதினைந்து வருடம் தையல் மெஷின் மிதித்துவிட்டு, முப்பத்தைந்து வயதில் இரும்புத் தகட்டை வளைத்துப் பற்றவைத்துப் பாய்லர் செய்யும் தொழிலைக் கற்க வந்தவளை வேறு எப்படித்தான் கூப்பிடுவார்கள்?

பெரிய லட்சியமெல்லாம் அவளுக்கு இல்லை. நான்கு வருடப் பயிற்சி, முதல் மாதத்திலிருந்தே சம்பளம் என்று நோட்டீஸில் போட்டிருந்தது. அதை மூன்று முறை படித்தாள். தெரியாத வேலையைச் சொல்லிக்கொடுத்து, தெரியாமல் இருப்பதற்குச் சம்பளமும் தருகிறார்களா! தையல் கம்பெனியில் அவள் கற்றதெல்லாம் திட்டு வாங்கிக் கற்றதுதான்.

பஸ் கண்டக்டரான அவள் கணவர், "இரும்புல காஜா எடுக்கப் போறியா?" என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் மறுநாளே டிப்போவில் கெஞ்சிக் கூத்தாடி ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்தார். காலையில் மகளுக்குத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்புவது அன்றிலிருந்து அவர் பாடு. குழந்தையின் வகிடு வாய்க்கால் மாதிரி வளைந்து வளைந்து போகும். அதைப் பார்க்கும்போதெல்லாம் இந்த மனுஷனுக்கு ஒரு நன்றி சொல்லவேண்டும் என்று நினைப்பாள், நினைப்பதோடு சரி.

முதல் ஆறு மாதம் வெள்ளோட்டம். அதன் கடைசியில் அப்ரண்டிஸ் தனியாளாக ஒரு தகட்டில் கோடு போட்டு, வெட்டி, உருளையாக வளைத்துக் காட்டவேண்டும். அதைப் பார்த்துவிட்டுத்தான் வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்று மேனேஜர் முடிவு செய்வார். அனுப்பிவிட்டால் பழைய மெஷினும் பழைய திட்டும்தான். கடைசி வாரம் முழுக்க அவள் தூங்காமல் கிடந்தது சும்மா இல்லை.

அந்த நாளும் வந்தது. பத்து மில்லிமீட்டர் தகடு. உள்விட்டம் எண்ணூறு. அவள் போட்ட கோட்டை அளந்து பார்த்து போர்மேன் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வெட்டவேண்டும் என்பது பட்டறைச் சட்டம். போர்மேன் அவளைவிட ஆறு வயது சின்னவன். வாய் நிறைய 'அக்கா' என்பான். அன்று பார்த்து பட்டறையின் மறுகோடியில் கிரேன் மக்கர் பண்ணியது. ஓடிக்கொண்டிருந்தவன் நின்று, "தையலுக்குன்னு விளிம்புல துணி விடலையே அக்கா?" என்று மட்டும் கேட்டான். பழகும் நாட்களில் அவள் பழக்கதோஷத்தில் இரண்டு முறை அப்படி விட்டிருக்கிறாள். "சத்தியமா விடல சார்" என்றாள். சிரித்தபடி கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினான்.

தகட்டை வெட்டினார்கள், ரோலிங் மெஷினில் வளைத்தார்கள். அச்சு வைத்துப் பார்த்தால் வளைவு கச்சிதம். ஆனால் இரண்டு முனைகளும் சேரவில்லை. நடுவில் இரண்டு விரல் இடைவெளி வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

விளிம்பு விடக்கூடாது, விடக்கூடாது என்று அதிலேயே கண்ணாக இருந்தவள் தடிமனைக் கோட்டை விட்டிருந்தாள். தகடு வளையும்போது உள்பக்கம் சுருங்கும், வெளிப்பக்கம் நீளும். நடுவில் மட்டும்தான் அளவு மாறாது. அதனால் உள்விட்டத்தோடு தடிமனையும் கூட்டிச் சுற்றளவு போடவேண்டும். இடுப்பளவு எடுக்கும்போது துணியின் தடிமனை யார் கூட்டுகிறார்கள்? பதினைந்து வருடம் கூட்டாத கை, அன்றும் கூட்டவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் கணவருக்குப் போன் செய்தாள். "தகட்டைக் கெடுத்துட்டேங்க. இன்னையோட முடிஞ்சுதுன்னு நினைக்கிறேன்." அவர், "சாப்பிட்டியா?" என்றார். அந்தக் கேள்விக்குத்தான் அவளுக்கு அழுகை வந்தது.

மேனேஜர் வந்தார். உருளையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "யாரு வேலை இது?"

"கணக்கு என்னோடது சார்," என்றாள்.

"கையெழுத்து என்னோடது," என்று போர்மேன் முந்திக்கொண்டு வந்தான். "நான் டேப்பே போடல சார். போட்டிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்."

"அவர் மேல தப்பில்ல சார், அவசரத்துல..."

"நீங்க சும்மா இருங்க அக்கா."

மேனேஜருக்கு யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை. "நல்லா இருக்கே! ஒரு தப்புக்கு ரெண்டு பேரு அடிச்சுக்கிறீங்க?" என்றார். அவளைப் பார்த்து, "எங்க தப்பு வந்துச்சு, தெரியுமா?" என்று கேட்டார். அவள் தடிமனைச் சொன்னாள். எத்தனை மில்லிமீட்டர் குறைந்தது என்று கேட்டார். முப்பத்தொன்று என்று உடனே சொன்னாள். மேனேஜர் ஓரத்தில் சாய்த்திருந்த இன்னொரு தகட்டைக் காட்டினார். "நாலு மணிக்குள்ள முடிச்சுக் காட்டுங்க. கெட்டுப்போன இதைச் சின்ன டேங்குக்கு வெட்டிக்கலாம்."

இந்த முறை போர்மேன் கிரேனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முட்டி போட்டு உட்கார்ந்து, ஒரு கோடு விடாமல் அளந்தான். அவளையும் அளக்க வைத்தான். பிறகுதான் கையெழுத்து. மூன்றே முக்காலுக்கு முனைகள் இரண்டும், பற்றவைக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே இடைவெளி விட்டு, எதிரெதிரே வந்து நின்றன. மேனேஜர் குனிந்து பார்த்தார். "மிச்சம் மூணரை வருஷம் இருக்கு. நாளைக்கு வெல்டிங் பக்கம் வந்துடுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. போர்மேனிடம் போய், "உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல தம்பி," என்றாள். சார் என்பது எங்கே போனதோ. "நான்தான் அக்கா மன்னிப்புக் கேக்கணும்," என்று அவன் தலையைச் சொறிந்தான்.

வெளியே வந்தால் கேட் ஓரத்தில் கணவர் நின்றுகொண்டிருந்தார். கண்டக்டர் சட்டையைக்கூட மாற்றவில்லை. கையில் ஊருக்குப் போகும்போது எடுத்துப்போகும் பெரிய பை, காலியாகத் தொங்கியது.

"எதுக்குங்க இந்தப் பை?"

அவர் தரையைப் பார்த்தார். "உன் பூட்ஸு, ஹெல்மெட்டு, கையுறை எல்லாம் இருக்குமே. அதையெல்லாம் தூக்கிக்கிட்டு நீ தனியா பஸ்ல வரணுமேன்னுதான்..."

அவள் அந்தப் பையை அவர் கையிலிருந்து வாங்கினாள். ஆறு மாதமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை, கேட்டில் வாட்ச்மேன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சொன்னாள்.

"ரொம்ப நன்றிங்க. பூட்ஸு உள்ளயே இருக்கட்டும். நாளைக்கு வேணும்."